ஒரு ஷில்லிங் தாலாட்டு

1948, ஜூலை 5. திங்கட்கிழமை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டேவிஹ்யூம் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் பார்க் ஹாஸ்பிடல் அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி களைகட்டியிருந்தது. நர்ஸுகள் வெள்ளை உடுப்பில் அணிவகுத்து நிற்க, ஒரு மனிதர் நடந்து வருகிறார். சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு தானும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இப்போது பிரிட்டனின் சுகாதார மந்திரி. பெயர் அனைரின் பெவன்.

அந்த ஆஸ்பத்திரி அதுவரை லங்காஷயர் கவுன்டி கவுன்சிலின் சொத்து. கவுன்சில்காரர்கள் அதன் சாவியை பெவன் கையில் கொடுத்தார்கள். கைதட்டல். ஃபோட்டோ. அவ்வளவுதான். நாடு பூராவும் தேசிய மருத்துவ சேவை ஆரம்பமாகிவிட்டது. இனி ராஜாவானாலும் சரி, ரிக்‌ஷா இழுப்பவனானாலும் சரி, வைத்தியத்துக்குக் காசு கிடையாது.

அந்த ஒரே நாளில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 2,700 ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 1,500, நகர சபைகளும் கவுன்டி கவுன்சில்களும் நடத்திக்கொண்டிருந்தவை. மீதி, தர்மப் பணத்தில் ஓடியவை. நகர சபைகளுக்கு அந்தச் சொத்துக்காக விலை என்று எதுவும் தரப்படவில்லை.

இந்தச் சாவிக் கதையை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு சாவிக்கொத்தைப் பற்றி. அதுவும் அதே நகர சபைகளின் இடுப்பில் தொங்கியதுதான். அதுவும் அதே மந்திரியின் இலாகாவுக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் அந்தக் கதவுகள் பூட்டப்பட்டபோது யாரும் ஃபோட்டோ எடுக்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யுத்த காலத்துக்கு.

*

1941. ஹிட்லரின் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆண்கள் எல்லாம் ராணுவத்தில். தொழிற்சாலைகளில் பீரங்கிக் குண்டு செய்ய, விமானத்துக்கு ஆணி அடிக்க, பாராசூட் தைக்க ஆள் இல்லை. தொழிலாளர் இலாகா மந்திரி எர்னஸ்ட் பெவின் (கவனியுங்கள், அவர் பெவன், இவர் பெவின். இரண்டு பேரும் வேறு) பெண்களை வேலைக்கு அழைத்தார். போதவில்லை. அந்த வருட டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டார்கள். இருபதிலிருந்து முப்பது வயது வரை உள்ள, கல்யாணமாகாத பெண்கள் கட்டாயமாக ஏதாவதொரு யுத்தப் பணிக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தை வைத்திருந்த தாய்மாருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்கள் வராமல் ஆலைகள் ஓடாது. வந்தால் நல்லது என்று அரசாங்கம் கெஞ்சாத குறை.

வரலாம். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

பாட்டி இருக்கிறாளே என்பீர்கள். பாதிப் பாட்டிகளும் அப்போது ஆலையில்தான்! பக்கத்து வீட்டு அம்மாவிடம் காசு கொடுத்து விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். அரசாங்கமும் முதலில் இதைத்தான் யோசனையாகச் சொன்னது. தாய்மார்கள் பார்த்தார்கள். குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ‘எங்களுக்கு வேலை வேண்டும், குழந்தைகளுக்கு நர்ஸரி வேண்டும்’ என்று லண்டனில் ஊர்வலங்கள் நடந்தன. கொடி பிடித்த கூட்டத்தைப் போலீஸ் பார்த்திருக்கிறது. பால்புட்டி பிடித்த கூட்டம் புதுசு.

அதன் பிறகுதான் வேகம் வந்தது. 1940 கடைசியில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த யுத்தகால நர்ஸரிகள், 1944 வாக்கில் ஏறக்குறைய 1,500 ஆகிவிட்டன. எழுபதாயிரம் குழந்தைகளுக்கு மேல் இடம். வேலைக்குப் போன தாய்மார் எண்ணிக்கையோடு பார்த்தால் இதுவும் குறைச்சல்தான். பெரும்பாலான குழந்தைகள் அப்போதும் பாட்டி வீட்டிலும் பக்கத்து வீட்டிலும்தான் வளர்ந்தன. இருந்தாலும், மூன்றே வருடத்தில் ஓர் அரசாங்கம் இத்தனை தொட்டில் கட்டியது சாதாரண விஷயமில்லை.

கட்டிடத்துக்கு எங்கே போனார்கள்? கிடைத்த இடமெல்லாம் நர்ஸரி. சர்ச் ஹால், பணக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன பெரிய வீடுகள், பள்ளிக்கூடத்தின் ஒரு மூலை. எதுவும் கிடைக்காத ஊரில் ரெடிமேடாக வந்து இறங்கும் குடில்கள். தகடும் பலகையும் வைத்து சட்டென்று முடுக்கிவிடுவார்கள். தனியார் வீடுகளை யுத்தகாலச் சட்டத்தின் கீழ் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். வாடகைப் பணம் உண்டு. ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. (இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதவும்.)

நடத்தியது யார்? உள்ளூர் நகர சபை. அதில் தாய் சேய் நலக் கமிட்டி என்று ஒன்று இருக்கும். கமிட்டிக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர் நகரத்தின் ஹெல்த் ஆபீசர். பெரியவர் அவர்! ஊருக்குள் தொற்றுநோய் வந்தாலும் அவர்தான், சாக்கடை நாறினாலும் அவர்தான், பிரசவ விடுதியில் படுக்கை போதவில்லை என்றாலும் அவர்தான். இப்போது நர்ஸரியும் அவர் தலையில். அடுப்புக்குக் கரி வந்ததா, படுக்கை விரிப்பு எத்தனை, கூரை ஒழுகுகிறதா, மேட்ரன் போஸ்ட்டுக்கு ஆள் கிடைத்ததா... எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும்.

ஆனால் செலவு? அதுதான் சூட்சுமம். யுத்தகால நர்ஸரிக்கு ஆன செலவு முழுவதையும் மத்திய அரசாங்கம் கொடுத்துவிடும். நூற்றுக்கு நூறு. நகர சபைக்குத் தன் பையிலிருந்து காசு போகாது. தாய் கொடுக்க வேண்டியது ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங். அன்றைக்குத் தொழிற்சாலைப் பெண்ணின் வாரக் கூலி சராசரியாக மூன்று பவுண்டு, அதாவது அறுபது ஷில்லிங் சொச்சம். ஆறு நாளைக்கு ஆறு ஷில்லிங். கூலியில் பத்தில் ஒரு பங்கு. சாப்பாடும் அதிலேயே அடக்கம்!

காலை ஏழு மணிக்கெல்லாம் நர்ஸரி திறந்துவிடும். ஷிஃப்டுக்கு ஓடும் அம்மா குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போவாள். வீட்டு உடுப்பைக் கழற்றி நர்ஸரி உடுப்பு மாட்டுவார்கள். ஒரு ஸ்பூன் மீன் எண்ணெய், அதன் கசப்புக்கு ஆறுதலாக ஆரஞ்சு ஜூஸ். எழுதப் படிக்கத் தெரியாத வாண்டுகள் அல்லவா? ஒருவனுக்கு வாத்து, ஒருத்திக்கு நட்சத்திரம் என்று படம். துண்டு மாட்டும் கொக்கியிலும் அதே படம், மத்தியானம் தூங்கும் கட்டிலிலும் அதே படம். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு அம்மா வந்து தூக்கிக்கொள்வாள்.

நம்ம ஊர் பால்வாடி மாதிரியா என்று கேட்டால், கிட்டத்தட்ட. ஆனால் ஒரு வித்தியாசம். இது ஏழைக் குழந்தைகளுக்கான இடமில்லை. வேலைக்குப் போகிறவளின் குழந்தைக்கான இடம். ‘பாவம்’ என்று யாரும் உச்சுக்கொட்டவில்லை. நாட்டுக்கு நீ தேவை, உன் குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தின் கடைசி வரியை மட்டும் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. ‘யுத்தம் முடியும் வரை’ என்பதே அந்த வரி.

*

1945இல் யுத்தம் முடிந்தது. தேர்தல் வந்தது. சர்ச்சில் தோற்றார். லேபர் கட்சி ஜெயித்து, அட்லி பிரதமரானார். பெவன் சுகாதார மந்திரி. வந்ததும் அவர் கையில் எடுத்த முதல் பெரிய கேள்வி, ஆஸ்பத்திரிகள் யாருக்குச் சொந்தம்?

நகர சபைகளிடமே இருக்கட்டும் என்றார் ஹெர்பர்ட் மாரிஸன். சாதாரண ஆளில்லை. கேபினட்டில் பெவனைவிட சீனியர். லண்டன் கவுன்டி கவுன்சிலுக்கு ஆறு வருடம் தலைமை தாங்கி, அதன் ஆஸ்பத்திரிகளைத் தூக்கி நிறுத்தியவர். ஆஸ்பத்திரிகளைப் பிடுங்கிவிட்டால் உள்ளாட்சி என்ற ஒன்றே செல்லாக்காசாகிவிடும் என்பது அவருடைய வாதம். 1945 அக்டோபரில் கேபினட்டில் இரண்டு பேரும் மோதினார்கள்.

பெவனின் பதில் எளிமையானது. நகர சபைகளின் வருமானம் உள்ளூர் சொத்து வரி. பணக்கார ஊரில் வரி கொட்டும், நல்ல ஆஸ்பத்திரி கிடைக்கும். சுரங்க ஊரில் வேலையில்லாதவன் வீட்டில் என்ன வரி வரும்? உன் உயிர் பிழைப்பது நீ எந்த ஊரில் பிறந்தாய் என்பதைப் பொறுத்ததா? ஆகவே, தேசத்தின் கஜானாவிலிருந்துதான் எல்லா ஊருக்கும் செலவு செய்ய வேண்டும். நகர சபைக்குக் கீழே வேலை பார்க்க முடியாது என்று டாக்டர்களும் பிடிவாதம் பிடித்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. அட்லி பெவன் பக்கம் சாய்ந்தார். மாரிஸன் தோற்றார்.

அருமையான வாதம். எனக்கும் பெவனைப் பிடிக்கும். உங்களுக்கும் பிடித்திருக்கும்.

ஆனால், இரண்டே மாதம் கழித்து, 1945 டிசம்பரில், அதே பெவனின் சுகாதார இலாகாவும் கல்வி இலாகாவும் சேர்ந்து நகர சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பின. எண் 221/45. நர்ஸரிகளைப் பற்றியது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் இடம் வீடுதான், அம்மாவிடம்தான். அப்படிப்பட்ட தாய்மார் வேலைக்குப் போவதை ஊக்கப்படுத்தக் கூடாது. இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நர்ஸரி ஸ்கூல், நர்ஸரி வகுப்பு போதும். வேறு வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் பகல் நர்ஸரி. சாராம்சம் இதுதான்.

கூடவே இன்னொரு அம்பு. 1946 ஏப்ரல் முதல் நூற்றுக்கு நூறு மானியம் கிடையாது. பாதிதான். மீதிப் பாதியை நகர சபை தன் சொத்து வரியிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

புரிகிறதா? ஆஸ்பத்திரிக்கு எந்த வாதம் ஆகாது என்று பெவன் மேஜையைத் தட்டினாரோ, அதே வாதத்தின் கையில் நர்ஸரியை ஒப்படைத்துவிட்டார்கள். பணக்கார ஊர் விரும்பினால் நடத்தலாம். ஏழை ஊர் கையை விரிக்கலாம்.

*

நகர சபைகள் என்ன செய்தன? கணக்குப் போட்டன. கவுன்சிலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குண்டு விழுந்து வீடிழந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். மரம், இரும்பு, சிமென்ட் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கட்டிடம் கட்ட லைசென்ஸ் வேண்டும். யுத்தத்தில் கூடக் கிடைத்த ரொட்டிக்கு 1946இல் ரேஷன் வந்துவிட்டது! நாடே அமெரிக்காவிடம் கடன் வாங்கித்தான் நடந்துகொண்டிருந்தது. இதில் தொட்டிலுக்கு யார் வரி போடுவார்கள்?

அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? யுத்தம் முடிந்தது, என் வீட்டைக் கொடு என்று வந்து நின்றார்கள். சர்ச் ஹால்களையும் திருப்பித் தர வேண்டியிருந்தது. யுத்தகாலக் குடில்களோ சில வருடத்துக்கென்று கட்டியவை. கூரை ஒழுகினால் பழுது பார்க்கவும் பணமில்லை. ஒரு நர்ஸரியை மூடுவதற்குக் கொள்கை முடிவு எதுவும் தேவைப்படவில்லை. குத்தகை முடிந்தது, போதும். கூரை ஒழுகியது, போதும். கட்டிடத்தைக் காரணம் காட்டி மூடினால் யார் சண்டைக்கு வருவார்கள்?

சண்டைக்கு வந்தார்கள். பல ஊர்களில் தாய்மார் மனு கொடுத்தார்கள். கணவனை யுத்தத்தில் பறிகொடுத்தவள், ஆலை வேலையை நம்பி இருந்தவள் என்று எல்லோரும் அதில் உண்டு. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடம் ஆலையிலும் அடுப்படியிலும் மாறி மாறி உழைத்துக் களைத்த பெண்கள் பல பேர், விட்டால் போதும் என்று சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனார்கள். போக விரும்பாதவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், 1947இல் அதே அரசாங்கத்துக்கு மறுபடியும் பெண்கள் தேவைப்பட்டார்கள்! ஏற்றுமதி செய்து கடனை அடைத்தாக வேண்டும். லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆள் இல்லை. ‘பெண்களே, வேலைக்கு வாருங்கள்’ என்று தொழிலாளர் இலாகா பிரசாரம் செய்தது. ஒரு இலாகா வா என்கிறது. இன்னொரு இலாகா குழந்தையோடு வீட்டில் இரு என்கிறது. நடுவே நின்றவள் தாய்.

*

1948 ஜூலை 5க்குத் திரும்புவோம். சாவிகள் கைமாறிவிட்டன. ஆஸ்பத்திரிகளை இழந்த நகர சபைகளிடமும் கவுன்டி கவுன்சில்களிடமும் மிச்சம் இருந்தது என்ன? தாய் சேய் க்ளினிக், மருத்துவச்சி, வீடு தேடிப் போகும் ஹெல்த் விஸிட்டர், ஆம்புலன்ஸ், தடுப்பூசி, பகல் நர்ஸரி. இதற்கு மேல் ஒரு கனவும் இருந்தது. டாக்டர், பல் வைத்தியர், தாய் சேய் க்ளினிக் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹெல்த் சென்டர்கள். நகர சபைகள் அதை ஊர் ஊராகக் கட்ட வேண்டும் என்று 1946 சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

யுத்தத்தின்போது சிப்பாய்களுக்கு ஒரு போஸ்டர் அச்சடித்தார்கள். லண்டனில் ஃபின்ஸ்பரி நகர சபை 1938இல் திறந்த பளபளப்பான ஹெல்த் சென்டர் ஒரு பக்கம். அதன் பின்னால், இடிந்த சந்தில் நோஞ்சான் குழந்தை. ‘இதற்காகத்தான் சண்டை போடுகிறாய்’ என்பது சேதி. பிரிட்டனை அவமானப்படுத்துகிறார்கள் என்று சர்ச்சில் கொதித்துப்போய் அதைத் தடுத்துவிட்டார். சர்ச்சில் போய் பெவன் வந்த பிறகாவது ஹெல்த் சென்டர்கள் முளைத்தனவா? ம்ஹூம். பணமில்லை, இப்போது கட்ட வேண்டாம் என்று மேலிடமே சொல்லிவிட்டது. லண்டன் கவுன்சில் வுட்பெரி டவுனில் கட்டிய பெரிய சென்டர் 1952இல்தான் திறந்தது. அந்த மாதிரி கட்டப்பட்டவை சொற்பம். க்ளினிக்குகள் பழைய வீடுகளிலும் சர்ச் ஹால்களிலும் யுத்தகாலக் குடில்களிலும் வருடக்கணக்கில் காலம் தள்ளின.

நர்ஸரிகள்? 1949இல் சுமார் 900. 1960களின் நடுவில் சுமார் 450. யுத்தகால எண்ணிக்கையில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. நடுவில் 1951இல் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். தாயைப் பிரிந்த குழந்தையின் மனம் எப்படிக் காயப்படும் என்பது பற்றி. அவர் முக்கியமாக எழுதியது அநாதை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பிரிந்து கிடந்த குழந்தைகளைப் பற்றி. காலையில் விட்டுவிட்டு சாயங்காலம் தூக்கிக்கொள்ளும் குழந்தையும் அதே கணக்கில் சேர்க்கப்பட்டது. ஏற்கனவே மூட நினைத்தவர்களுக்கு விஞ்ஞானமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மிச்சமிருந்த நர்ஸரிகளில் யாருக்கு இடம்? கல்யாணமாகாத தாய், நோயாளித் தாய், இருக்க ஒழுங்கான வீடில்லாத குடும்பம். கஷ்டப்படுகிறவர்களுக்கு முதலிடம் கொடுப்பது தப்பா? இல்லை. ஆனால் அவர்களுக்கு மட்டும் என்று ஆனபோது அந்தக் கட்டிடத்தின் அர்த்தமே மாறிவிட்டது. 1943இல் அந்த வாசலில் குழந்தையை விட்டவள் நாட்டுக்கு உழைப்பவள். 1953இல் அதே வாசலில் விட்டவள், ‘அவங்க வீட்டுல ஏதோ பிரச்னையாம்.’

இங்கேதான் இரண்டு சாவிகளின் கதையும் ஒன்றையொன்று தொடுகிறது. பெவன் எடுத்துக்கொண்ட முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் பல, பழைய ஏழை விடுதிக் கட்டிடங்கள். திக்கற்றவர்களை அடைத்து வைத்த இடங்கள். அந்த வாசலை மிதிப்பதே அவமானம் என்று கிழவர்கள் நடுங்கினார்கள். 1948க்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருடைய ஆஸ்பத்திரியும் ஆயிற்று. தர்மம் உரிமையாக மாறியது. நர்ஸரிக்கு நடந்தது நேர் எதிர். உரிமை மாதிரி ஆரம்பித்தது தர்மமாக முடிந்தது. ஒரே நாடு, ஒரே மந்திரி, ஒரே ஐந்து வருடம். வித்தியாசம் கட்டிடத்தில் இல்லை. செலவு யாருடையது என்று எழுதிய காகிதத்தில்!

*

அப்புறம் என்ன ஆச்சு?

1971இல் நர்ஸரிகள் சுகாதாரத்தை விட்டு சமூக சேவை இலாகாவுக்குப் போயின. பிரச்னைக் குடும்பங்களின் இடம் என்ற முத்திரை காகிதத்திலும் விழுந்துவிட்டது. 1974இல் க்ளினிக்குகளும் நகர சபைகளின் கையைவிட்டு தேசிய மருத்துவ சேவைக்குள் போயின. ஊரின் சாக்கடையிலிருந்து தொட்டில் வரை கவனித்த அந்த ஹெல்த் ஆபீசர் பதவியே ஒழிக்கப்பட்டது.

தாய்மார்கள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. வருடத்துக்கு வருடம் அதிகமாக வேலைக்குப் போனார்கள். குழந்தையை விட இடம்தான் இல்லை. இருந்த தனியார் நர்ஸரிகளில் கட்டணம் கேட்டு மயங்கி விழுந்தார்கள். 1990களின் கடைசியில்தான் அரசாங்கம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. முதலில் நாலு வயசுப் பிள்ளைக்குச் சில மணி நேரம் இலவசம். பிறகு மூன்று வயசு. 2025 செப்டம்பரில் இங்கிலாந்தில், வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு, ஒன்பது மாதத்திலிருந்தே, வாரத்துக்கு 30 மணி நேரம் அரசாங்கச் செலவில் என்று வந்தது. பள்ளிக்கூடம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். பெரிய சாதனை என்று அறிவித்தார்கள். சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் வாரத்துக்கு 30 மணி நேரம் என்றால் ஐந்து நாளைக்கு ஆறு ஆறு மணி நேரம். 1943இல் குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், ஒழுகும் குடிலில், வாத்துப் படம் போட்ட கொக்கியில் துண்டை மாட்டிவிட்டு, காலை ஏழிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஷில்லிங்குக்கு.

அன்றைக்கு பிரிட்டனிடம் பணம் இருந்ததா என்ன?